சடையர் – அங்கதம்

'ட்ராபிக் தண்டர்' படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் 'சடையர்' (satire) என்ற ஆங்கிலச் சொல் வராமல் போகாது. 2008இல் பென் ஸ்டில்லர் இயக்கி நடித்த, போர்ப்படம் எடுக்கும் நடிகர்களைப் பற்றிய இந்த ஹாலிவுட் கேலிப் படம் கறுப்பினத்தவரையும் மாற்றுத்திறனாளிகளையும் இழிவுபடுத்துகிறது என்ற புகாருக்கு எதிராக, இன்றுவரை ஓயாத வக்காலத்து அந்த ஒரு சொல்தான்.

மூலம் லத்தீன். 'லான்க்ஸ் சாட்டுரா' என்றால் பலவகைப் பழங்கள் நிறைந்த தட்டு. பல விஷயங்களைக் கலந்து பாடிய செய்யுளுக்கும் அந்தப் பெயர் வந்தது. ரோமானியக் கவிஞர்கள் அதை ஊர்க் குறைகளைக் குத்திக்காட்டும் வடிவமாக்கினார்கள். 'சாட்டிர்' என்னும் கிரேக்கக் காட்டுத் தேவனுக்கும் இதற்கும் ஓசை ஒற்றுமை தவிர உறவில்லை.

தமிழில் அங்கதம். நையாண்டி, பகடி என்றும் எழுதுகிறார்கள். பகடி, ஒன்றைப் போலவே செய்து சிரிப்பது; இந்தப் படத்தின் தொடக்கத்தில் வரும் போலி முன்னோட்டங்கள் அந்த வகை. அங்கதத்துக்குச் சிரிப்பு மட்டும் போதாது, பழிக்க ஒரு குற்றமும் வேண்டும்.

தொல்காப்பியச் செய்யுளியல் அதை 'செம்பொருள், கரந்தது' என இரண்டாகப் பிரிக்கிறது. முகத்துக்கு நேரே வைவது செம்பொருள். மறைத்துப் பழிப்பது கரந்தது; அதற்குப் பழிகரப்பு என்றும் பெயர். புறநானூறு 95இல் ஔவையார் தொண்டைமானின் ஆயுதங்களைப் புகழ்கிறார்: பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றனவாம். அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன. புகழ்ச்சிதான், ஆனால் யாருக்கு?

படத்தில் டாம் குரூஸின் வாய்த்துடுக்கான தயாரிப்பாளர் செம்பொருள். ராபர்ட் டௌனி ஜூனியரின் லாசரஸ் பழிகரப்பு: ஐந்து ஆஸ்கர் வாங்கிய ஆஸ்திரேலிய வெள்ளை நடிகன், கறுப்பினச் சார்ஜன்ட்டாக நடிக்கத் தோலையே அறுவைச் சிகிச்சையில் கறுப்பாக்கிக்கொள்கிறான். பழி அவன் அகந்தைமேல். ஆனால் கண்ணில் படுவது, கறுப்பினத்தவரை இழிவுபடுத்திய பழைய அமெரிக்க முகப்பூச்சு மேடைகளின் நினைவு. வேடிக்கை என்னவென்றால், இந்த வேடத்துக்கே டௌனிக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது!

லாசரஸ் வாய் திறக்கும்போதெல்லாம் மடக்க, பக்கத்திலேயே ஆல்பா சீனோ என்ற கறுப்பின நடிகன் இருக்கிறான். கரந்த பழி அதனால்தான் விளங்குகிறது. ஸ்டில்லரின் பாத்திரம் அறிவுசார் குறைபாடு உள்ளவராக நடித்ததாக வரும், படத்துக்குள் படமான 'சிம்பிள் ஜாக்' பகுதி அப்படியில்லை. விருதுக்காக அறிவுசார் குறைபாடு உள்ளவராக நடிக்கும் நட்சத்திரங்களைத்தான் குத்துகிறார்கள், சரி. ஆனால் அந்த மக்களைக் குறிக்கும் வசைச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது, மறுத்துப் பேச அவர்களில் ஒருவர்கூட படத்தில் இல்லை. படம் வெளியானபோது மாற்றுத்திறனாளி அமைப்புகள் தெருவில் இறங்கியதும் அந்தப் பகுதிக்காகத்தான்.