எல்லாத் தடிப்பும் அலர்ஜி இல்லை

"சூரை சாப்பிட்டேன் டாக்டர், அலர்ஜி ஆயிடுச்சு" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: கூடச் சாப்பிட்டவங்களுக்கு என்ன ஆச்சு? பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்க வீடுகளில் ஒரு சட்டி மீன்குழம்பை நாலைந்து பேராவது சாப்பிட்டிருப்பார்கள். அதில் இரண்டு மூன்று பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்திருந்தால் அது பெரும்பாலும் அலர்ஜி கிடையாது. மீன் கெட்டுப்போயிருக்கிறது.

சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். உண்மையான அலர்ஜியில் நம் உடம்பே வெளியிடுவதும் இதே ஹிஸ்டமினைத்தான். அதனால்தான் இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கின்றன. கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மீனில் நாற்றம்கூட வராமல் இருக்கலாம். வாயில் வைத்ததும் மிளகு கடித்ததுபோல் உறைத்தால் துப்பிவிடுங்கள்.

இது தெரியாமல் "உனக்கு மீன் அலர்ஜி, இனிமேல் தொடாதே" என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? கடற்கரை வீட்டில் மீனை விட்டால் புரதத்துக்கு வேறு என்ன மலிவாகக் கிடைக்கிறது? ஒருநாள் ஐஸ் போடாத குற்றத்துக்கு ஆயுள் முழுக்கத் தண்டனை கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காணாக்கடி, அதாவது தோலில் திடீரென அரித்துத் தடிக்கிற விஷயத்திலும் இதே கதைதான். பிள்ளைகளுக்குச் சளி, காய்ச்சலோடு வரும் தடிப்புக்கு அன்றைக்குச் சாப்பிட்ட நண்டின் மேல் பழி போட்டுவிடுகிறார்கள்.

சரி, உண்மையான அலர்ஜி எது? இதைப் புரிந்துகொள்ள அந்தச் சொல் பிறந்த கதை உதவும்.

1901-இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆய்வுக் கப்பலில் சார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் போனார்கள். நம் வலையில் சிக்கும் சொறிக்கு, அதாவது ஜெல்லி மீனுக்கு, தூரத்துச் சொந்தமான ஒரு கடல் உயிரியின் விஷத்தை ஆராய்ந்தார்கள். பாரிஸ் திரும்பியதும் கடல் சாமந்தி என்ற இன்னொரு கடல் உயிரியின் விஷத்தைக் கொஞ்சமாக நாய்களுக்குக் கொடுத்துப் பழக்கினால் அவற்றுக்குப் பாதுகாப்பு வரும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர் எதிர். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவு கொடுத்ததும் மூச்சுத் திணறி அரை மணிக்குள் செத்தது. இந்த எதிர்வினைக்கு அனாபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே காலத்தில் வியன்னாவில் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் ஃபான் பிர்கே, தன் சகா பெலா ஷிக்கோடு சேர்ந்து, தொண்டை அடைப்பான் போன்ற நோய்களுக்குக் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை மருந்தாகப் போட்ட பிள்ளைகளைக் கவனித்தார். முதல் ஊசிக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்து வந்த காய்ச்சலும் தடிப்பும் இரண்டாம் ஊசிக்கு உடனேயே வந்தன. மருந்து மாறவில்லை, உடம்பு மாறியிருந்தது. கிரேக்கத்தில் 'வேறு' என்ற பொருளுள்ள அல்லோஸ், 'செயல்' என்ற பொருளுள்ள எர்கோன் இரண்டையும் சேர்த்து 1906-இல் அவர் அலர்ஜி என்ற சொல்லை உருவாக்கினார்.

"நாப்பது வயசு வரைக்கும் தின்ன இறால் இப்ப எப்படி டாக்டர் சேராமப் போகும்?" என்று கேட்கிறார்களே, அதற்கான பதில் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அலர்ஜி வர உடம்பு அந்தப் பொருளை ஏற்கெனவே சந்தித்திருக்க வேண்டும். இறால், நண்டு அலர்ஜி பெரியவர்களான பிறகு தொடங்குவது சகஜம். காரணம் பெரும்பாலும் ட்ரோப்போமயோசின் என்ற புரதம். அதுவும் வேகவைத்தால் போகாது. இறால் சேராதவர் பெரும்பாலும் மீன் சாப்பிடலாம், ஏனென்றால் மீன் அலர்ஜிக்குக் காரணமான புரதம் வேறு. இன்னொன்று, இறாலுக்கும் அயோடினுக்கும் இதில் சம்பந்தமே இல்லை. ஸ்கேனுக்கு அயோடின் கலந்த மருந்து ஏற்றும்போது இதைச் சொல்லிப் பயப்பட வேண்டாம்.

சாப்பிட்டால்தான் வரும் என்றும் இல்லை. இறால் உரிக்கிற, நண்டு அவித்துச் சதை எடுக்கிற இடங்களில் வேலை பார்க்கும் பெண்களுக்கு அந்த ஆவியே இருமலையும் இளைப்பையும் கொடுக்கலாம். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வேலை இல்லாதபோது இருமல் குறைந்து, வேலை தொடங்கியதும் திரும்புகிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். வெறும் இருமல் மருந்து இதற்குப் போதாது.

தடிப்போடு குரல் கம்மினாலோ, மூச்சு இளைத்தாலோ, தலை சுற்றி விழுந்தாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ தாமதிக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுவிடக் கஷ்டப்பட்டால் உட்காரவையுங்கள், நடக்கவைக்காதீர்கள். அங்கே உயிர் காக்கும் மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின்தான். அவில் போன்ற அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும், மூச்சைக் காப்பாற்றாது. சரியான பிறகும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், ஏனென்றால் சிலருக்கு மறுபடியும் வரும்.

ஒருமுறை இப்படி வந்தவர் கடல்தொழிலுக்குப் போகிறவர் என்றால், அட்ரினலினைக் கைவசம் வைத்துக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதைப் போடும் முறையைப் படகில் கூட வரும் ஒருவரும் கற்றிருக்க வேண்டும். நடுக்கடலிலிருந்து கரை சேரும்வரை காத்திருக்க நேரம் இருக்காது.