சினை ஊசி போடும்போது காளையின் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள்

கறவை மாட்டுக்குச் சினை ஊசி, அதாவது செயற்கை முறையில் காளையின் விந்தைச் செலுத்தும் ஊசி, போட்டு முடிந்ததும் மாடு வளர்ப்போர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்: ஊசி ஜெர்சியா எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) இனமா, சினை நிற்குமா. எந்தக் காளையின் விந்து என்று கேட்பவரைக் காண்பது அரிது. ஆனால் ஊசி போட்டதும் தொழுவத்தின் ஓரத்தில் எறியப்படும் 0.25 மில்லி அளவுள்ள அந்த மெல்லிய உறைவிந்துக் குச்சியின் மீது காளையின் எண், இனம், உற்பத்தி நிலையத்தின் குறியீடு, உறைய வைத்த நாள் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கின்றன. பிறக்கப்போகும் கன்றின் தந்தை யார் என்பதற்குப் பல வீடுகளில் இருக்கும் ஒரே சான்று அதுதான். கால்நடை மருத்துவராக நான் இந்தக் கட்டுரையில் கேட்டுக்கொள்வது, அந்த எண்ணைக் கேட்டு வாங்கி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்பதே.

அந்த ஊசியில் கிடேரிக் கன்று பிறந்தால் அது ஒன்றரை, இரண்டு வயதில் பருவத்துக்கு வரும். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைக்கப்பட்ட விந்து பல ஆண்டுகள் கெடாது என்பதாலும், உதகமண்டலம், ஓசூர், ஈச்சங்கோட்டை போன்ற சில நிலையங்களிலிருந்தே மாநிலம் முழுவதற்கும் குச்சிகள் செல்வதாலும், தாய்க்குப் பயன்பட்ட அதே காளையின் குச்சி மகளுக்கும் வந்து சேர வாய்ப்பு உண்டு. தாயின் ஊசிக்குப் பதிவு இல்லையென்றால் அதைத் தடுக்க யாராலும் முடியாது. தகப்பன் காளையை மகளோடு சேர்த்தால் பிறக்கும் கன்றின் உள்ளினச்சேர்க்கை அளவு 25 விழுக்காடு. அதாவது, அக்கன்றின் எந்த ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டாலும் அதன் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே பிரதியாக இருப்பதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரே தந்தைக்கு வேறு வேறு தாய்களிடம் பிறந்தவற்றைச் சேர்த்தால் அது 12.5 விழுக்காடு.

இதனால் வரும் தீங்கு பழுதான மரபணுக்கள் ஒளிந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மாட்டிலும் பழுதான சில மரபணுக்கள் இருந்தாலும், இணையான மற்றொரு பிரதி நல்லதாக இருப்பதால் அவை வெளியே தெரிவதில்லை. இரு பிரதிகளும் பழுதாகும்போதுதான் கன்று பாதிக்கப்படுகிறது. எச்.எஃப். இனத்தில் காணப்படும் பிளாட் எனும் பிறவிக் குறைபாட்டில் வெள்ளை அணுக்களால் இரத்தக் குழாயை விட்டு வெளியேறிக் கிருமி இருக்கும் இடத்துக்குப் போக முடியாது. இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் மிக அதிகமாகத் தெரியும். கன்றோ ஓயாத கழிச்சலும் நுரையீரல் அழற்சியும் வாய்ப்புண்ணுமாக நலிந்து, பெரும்பாலும் சில மாதங்களில் இறந்துவிடும். இந்தப் பழுதை ஒற்றைப் பிரதியாகச் சுமக்கும் காளைக்கு எந்த நோயும் இல்லை. அப்படிச் சுமந்த ஆஸ்போர்ன்டேல் ஐவன்ஹோ எனும் அமெரிக்கக் காளையின் வழித்தோன்றல்கள் பாலுக்குப் பெயர் பெற்று உலகெங்கும் பரவிய பிறகு, 1990களின் தொடக்கத்தில்தான் இதன் மரபணுக் காரணம் கண்டறியப்பட்டது.

1962-இல் பிறந்த பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் எனும் காளையின் வரலாறு இன்னும் தெளிவான பாடம். அதற்கு 16,000 மகள்களும், 5 லட்சத்துக்கு மேற்பட்ட பேத்திகளும், 20 லட்சத்துக்கு மேற்பட்ட கொள்ளுப்பேத்திகளும் இருந்தனர், இன்றைய எச்.எஃப். இனத்தின் மரபுத் தொகுதியில் ஏறத்தாழ 14 விழுக்காடு அதனுடையது. 2011-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான மாடுகளின் மரபணுத் தகவலை அலசியபோது, சீஃப் வழியாக வந்த ஒரு குறிப்பிட்ட பகுதியை இரட்டையாகக் கொண்ட மாடு ஒன்றுகூட உயிருடன் இல்லை என்பதைக் கண்டனர். அப்படி உருவான கருக்கள் எல்லாம் சினையிலேயே கலைந்து போயிருந்தன. உலகளவில் சுமார் 5 லட்சம் கருச்சிதைவுகள் இந்த ஒரு பழுதால் நிகழ்ந்திருக்கும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். அதே சீஃப் பால் உற்பத்தியை உயர்த்தியதால் கிடைத்த ஆதாயம் இந்த இழப்பைவிடப் பன்மடங்கு பெரிது என்பதையும் சொல்லியாக வேண்டும்; பழுது கண்ணில் படாமல் இத்தனை காலம் பரவியதற்குக் காரணமே அந்த ஆதாயம்தான்.

நம் நாட்டில் உறைவிந்து நிலையங்களில் உள்ள எச்.எஃப். காளைகளுக்கும் அவற்றின் கலப்பினக் காளைகளுக்கும் பிளாட், சிட்ருலினீமியா (இரத்தத்தில் அம்மோனியா சேரும் குறைபாடு), இரத்த உறைவுக் காரணி 11 குறைபாடு, டம்ப்ஸ் (கரு தொடக்கத்திலேயே இறக்கும் குறைபாடு) ஆகிய பிறவிக் குறைபாடுகளுக்கான பரிசோதனை விதிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அந்தப் பெயர் தெரிந்த குறைபாடுகளைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. என் கவலை பெயரில்லாத சிறு பழுதுகளைப் பற்றியது. அவை ஒவ்வொன்றும் தனியாகப் பெரிய தீங்கு செய்யாது. பல சேர்ந்தால் கன்று சற்று எடை குறைந்து பிறக்கும், கழிச்சலைத் தாங்காது, பருவத்துக்குத் தாமதமாக வரும், சினை நிற்பதற்குப் பல ஊசி தேவைப்படும். பால் அளவில் மாட்டுக்கு மாடு காணும் வேற்றுமையில் கால் பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் மரபு வழியானது. சினைப்பிடிப்பில் அந்தப் பங்கு மிகக் குறைவு, பெரும்பகுதி தீவனத்தையும் பராமரிப்பையும் பொறுத்தது. ஆனாலும் உள்ளினச்சேர்க்கையின் அடி முதலில் விழுவது சினைப்பிடிப்பின் மீதும் கன்றின் உயிர்ப்பிடிப்பின் மீதும்தான்.

மாட்டைவிட ஆட்டில் இந்தத் தவறு விரைவாகப் பெருகுகிறது. பெட்டைக் குட்டி எட்டு, பத்து மாதங்களில் பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஐந்து மாதம். நான் பணிபுரியும் பகுதியில் ஓர் ஆடு வளர்ப்பவர், குட்டிகள் பால் குடிக்கத் தெரியாமல் சாகின்றன என்று அழைத்திருந்தார். ஒரு குட்டியைத் தூக்கி வாயைத் திறந்து பார்த்தபோது கீழ்த்தாடை மேல்தாடையைவிட நன்றாகவே குட்டையாக இருந்தது. காம்பைக் கவ்வ முடியாமல் பால் வாயோரம் வழிந்துகொண்டிருந்தது. இன்னொரு குட்டிக்கு ஆசனவாயே இல்லை. பொலிகிடாவை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். "நம்ம பட்டியிலயே பொறந்ததுங்க டாக்டர், உருவு நல்லா இருக்குதுன்னு விட்டு வச்சேன்" என்றார். அதன் தகப்பனும் அதே பட்டியில் பிறந்ததுதான்.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஆண்களின் எண்ணிக்கையையும் பெண்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் மரபியல் நோக்கில் அந்த மந்தையின் பயனுறு அளவு கிடைக்கும். ஒரு கிடாவும் 40 பெட்டைகளும் உள்ள பட்டிக்கு அது ஏறத்தாழ நான்கு. வெளியிலிருந்து கிடா வராவிட்டால், 41 ஆடுகள் நிற்கும் அந்தப் பட்டி, இரண்டு கிடாவும் இரண்டு பெட்டையும் மட்டுமே உள்ள பட்டியைப் போல ஒவ்வொரு தலைமுறையிலும் ஏறத்தாழ 12.5 விழுக்காடு மரபு வேற்றுமையை இழக்கும். பெட்டைகளை எவ்வளவு கூட்டினாலும் இந்த அளவு நான்கைத் தாண்டாது. இரண்டாவது கிடா ஒன்றைச் சேர்த்தால் உடனே எட்டை நெருங்கும்.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். ஊனமாகப் பிறந்த ஒவ்வொரு குட்டியும், கலைந்த ஒவ்வொரு சினையும் மரபுக் கோளாறு ஆகாது. கன்று வீச்சு நோய் (சினையைக் கலைக்கும் புரூசெல்லா கிருமித் தொற்று), தாது உப்புப் பற்றாக்குறை, சினைக்காலத்தில் உண்ட நச்சுச் செடி ஆகியவையும் அதே தோற்றத்தைத் தரலாம். இரத்த மாதிரியும் கலைந்த கருவும் பரிசோதனைக்குப் போன பிறகே காளையையோ கிடாவையோ குறை சொல்ல வேண்டும். கன்று வீச்சு நோய் மனிதர்களுக்கும் தொற்றும் என்பதால் கலைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள்.

நாட்டினங்களை வளர்ப்பவர்கள் இந்த ஆபத்து அயலினங்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணுகிறார்கள். எண்ணிக்கை குறைந்த இனத்தில்தான் ஆபத்து கூடுதல். கொரங்காடு எனும் கொங்கு மேய்ச்சல் நிலத்தின் கொழுக்கட்டைப் புல்லில் மேய்ந்து வறட்சியைத் தாங்கும் காங்கேயமும், காவிரிக் கழிமுகத்தின் சேற்று வயலில் உழைக்கும் உம்பளச்சேரியும், மலைக்காட்டில் மேயும் பர்கூரும் நூற்றாண்டுகளாகத் தேர்ந்து சேர்த்த பண்புகளை வேறெங்கும் வாங்க முடியாது. பிறக்கும்போது செந்நிறமாக இருந்து சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும் காங்கேயம் கன்றின் நிறம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. வெயிலைத் தாங்கும் திறனும் உண்ணிக்கு ஈடுகொடுக்கும் திறனும் அப்படித் தெரிவதில்லை. டிராக்டர் வந்து காளைக் கன்றுகளுக்கு விலை இல்லாமல் போன பிறகு பொலிகாளைகள் குறைந்துவிட்டன. சந்தையில் பரிசு வாங்கிய ஒரே காளையைச் சுற்றுவட்டாரம் முழுவதும் தேடிப் போனால், சில ஆண்டுகளில் அந்தப் பகுதியின் கிடேரிகள் அனைத்தும் அக்கா தங்கைகளாகிவிடும். புகழ் குறைந்த, உடற்கட்டில் குறையில்லாத இரண்டு மூன்று காளைகளையும் ஊரில் நிறுத்தி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாட்டின் காதில் உள்ள 12 இலக்க மஞ்சள் வில்லை எண்ணைக் கொண்டு பாரத் பசுதன் செயலியில் சினை ஊசி பதிவாகிறது. ஊசி போடுபவரிடம் அதைப் பதியச் சொல்லுங்கள். கூடவே உங்கள் நோட்டில் ஊசி போட்ட நாள், காளை எண், கன்று பிறந்த நாள், கன்றின் வில்லை எண் ஆகிய நான்கையும் எழுதுங்கள். கிடேரி பருவத்துக்கு வந்ததும் நோட்டைக் காட்டி, வேறு காளையின் குச்சியைக் கேளுங்கள். ஆட்டுப் பட்டியில் பொலிகிடாவை ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாற்றுங்கள்; கிடாக் குட்டிகளை மூன்று மாதத்தில் தாயிடமிருந்து பிரித்துவிடுங்கள், நான்கு ஐந்து மாதத்திலேயே அவை பெட்டைகளைச் சினைப்படுத்தக்கூடும். புதிய கிடா வாங்கும்போது தாடைகள் நேராகப் பொருந்துகின்றனவா, இரு விதைகளும் பையில் இறங்கி ஒரே அளவாக உள்ளனவா என்று கையால் தடவிப் பாருங்கள். முடிந்தால் அதன் தாயையும் பாருங்கள். பக்கத்துப் பட்டிக்காரரோடு கிடாவை மாற்றிக்கொள்வது செலவில்லாத நல்ல வழி. அதற்கு முன் அவருடைய கிடா எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இருவரும் ஒரே பண்ணையில் ஒரே தகப்பனுக்குப் பிறந்த கிடாக்களை வாங்கியிருந்தால் அந்த மாற்றத்தால் பயன் மிகக் குறைவே.