நோயுற்ற விலங்கின் வலியும் கருணைக்கொலையும்: சட்டம் சொல்வது என்ன?

தேற வழியில்லாத நோயிலோ விபத்திலோ சிக்கித் துடிக்கும் ஒரு மாட்டையோ நாயையோ பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, "ஊசி போட்டு அனுப்பிவிடலாமா?" என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆனால் இந்தியச் சட்டம் அந்தக் கேள்விக்கு முன்பாகவே ஒரு கடமையை வைத்திருக்கிறது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் 3-ஆம் பிரிவு, ஒரு விலங்கைத் தன் பராமரிப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலனுக்கு நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க வேண்டும் என்றும், தேவையற்ற வலியும் துன்பமும் அதற்கு நேராமல் தடுக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா இந்தச் சட்டத்துக்கு வித்திட்டது. 2014-இல் ஜல்லிக்கட்டு வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து விடுபட்டிருப்பதை விலங்குகளுக்கு உரிய ஐந்து சுதந்திரங்களுள் ஒன்றாக எடுத்துரைத்தது.

ஆகவே வலிக்கு மருத்துவம் பார்ப்பது உடையவரின் கருணையைப் பொறுத்த செயல் அன்று. அது அவருடைய சட்டப்படியான பொறுப்பு. விலங்கு தன் வலியை வாய்விட்டுச் சொல்லாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். அசைபோடுவதை நிறுத்திய மாடும், பல்லைக் கடித்துக்கொண்டு மந்தையை விட்டு ஒதுங்கி நிற்கும் மாடும், வயிற்றைக் காலால் உதைத்துக்கொள்ளும் மாடும் வலியில் இருக்கலாம். பூனை சத்தமில்லாமல் மறைவிடம் தேடும். நாய் படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் மூச்சிரைக்கும். இவற்றைக் கண்டதும் வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான மாத்திரையைக் கொடுத்துவிடுவது பெரும் ஆபத்து. பாராசிட்டமால் பூனையின் உயிரையே பறிக்கக்கூடியது. இபுப்ரோஃபென் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். எந்த மருந்தை, எந்த அளவில் கொடுப்பது என்பதைப் பதிவுபெற்ற கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். விலங்கைத் தூக்கிச் செல்ல இயலாத நிலையில் 1962 என்ற எண்ணை அழைத்தால், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி இருப்பிடத்துக்கே வரும்.

கால்நடைகளுக்கான வலிநிவாரணிகளில் அரசு தடை செய்தவையும் உண்டு. டைக்ளோஃபெனாக் 2006-ஆம் ஆண்டிலும், கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகிய இரண்டும் 2023-ஆம் ஆண்டிலும் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை செய்யப்பட்டன. இந்த மருந்துகள் செலுத்தப்பட்ட மாடு இறந்தபின் அதன் சடலத்தைத் தின்னும் பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிவதே இத்தடைக்குக் காரணம். நீலகிரியை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறு கழுகுகளின் பிழைப்பு இதையும் சார்ந்திருக்கிறது. மாட்டின் வலியைத் தீர்க்காமல் விட வேண்டும் என்பது இதன் பொருளன்று. கழுகுகளுக்குக் கேடு செய்யாத மெலாக்ஸிகாம் மாற்று மருந்தாகக் கிடைக்கிறது.

காயடித்தல், கொம்பு நீக்குதல், சூடு போடுதல், மூக்கணாங்கயிறு கோத்தல் ஆகிய நான்கையும் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் வதைக் குற்றத்திலிருந்து விலக்கி வைத்தது. ஆனால் விதிகளில் வகுக்கப்பட்ட முறைப்படி செய்தால் மட்டுமே அந்த விலக்கு பொருந்தும் என்றது. அந்த முறையை வகுக்கும் விதிகள் 2023-இல்தான் அறிவிக்கப்பட்டன. வலி தரும் இத்தகைய சிகிச்சைகளுக்கு முன் உணர்விழக்கச் செய்யும் மருந்து கொடுக்கப்பட வேண்டும் என்பதை அவை வலியுறுத்துகின்றன. அறுபது ஆண்டுகளுக்கு மேல் எத்தனையோ காளைக் கன்றுகள் மரத்துப்போகும் ஊசி கூட இல்லாமல் காயடிக்கப்பட்டன என்பதை நினைத்தால் இந்தத் தாமதத்தின் கனம் புரியும்.

இனிக் கருணைக்கொலைக்கு வருவோம். சட்டத்தின் 13-ஆம் பிரிவு இதற்கு மூன்று வழிகளைக் கூறுகிறது. வதைக் குற்றத்துக்காக உடையவர் தண்டிக்கப்பட்ட வழக்கில், அந்த விலங்கை உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று நீதிமன்றம் கருதினால், அதன் உயிரை முடிக்க உத்தரவிடலாம். உடையவர் சம்மதிக்காவிட்டால் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான கால்நடை மருத்துவ அலுவலரின் சாட்சியம் இல்லாமல் அவ்வாறு உத்தரவிட முடியாது. வதைக் குற்றம் நடந்திருப்பதாக நம்பக் காரணம் இருக்கும்போது, குற்றவியல் நடுவர், காவல் ஆணையர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஆகியோர் உடனடியாக உத்தரவிடவும் இடமுண்டு. சாலையோரத்தில் அடிபட்டுக் கிடக்கும் விலங்குக்குப் பெரிதும் பொருந்துவது மூன்றாவது வழி. இடம் மாற்றினாலே கொடுமையாகிவிடும் நிலையில் ஒரு விலங்கு கிடக்கிறது, உடையவர் அங்கே இல்லை அல்லது சம்மதிக்க மறுக்கிறார் என்றால், காவலருக்கு மேற்பட்ட நிலையில் உள்ள காவல் அலுவலரோ மாநில அரசால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ அப்பகுதிக் கால்நடை மருத்துவ அலுவலரை வரவழைக்கலாம். பிழைக்க வழியில்லை என்றோ உயிரோடு வைத்திருப்பது கொடுமை என்றோ அவர் சான்றளித்தால், நடுவரின் உத்தரவைப் பெற்று அதன் துன்பத்தை முடிக்கலாம். நடுவரின் அந்த உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது.

இந்தப் பிரிவில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். "உயிரோடு வைத்திருப்பது கொடுமை" என்பதுதான் அளவுகோல். முதுமை, குரைக்கும் தொல்லை, வீடு மாறுவது, பால் வற்றியது, பராமரிப்புச் செலவு ஆகிய எதையும் இப்பிரிவு காரணமாகக் கூறவில்லை. வலியை மருந்தால் ஆற்ற முடியுமா, முடியாதா என்பதை மருத்துவர் உறுதி செய்த பிறகே முடிவு எடுக்கப்பட வேண்டும்.

2018 ஏப்ரலில் சேலம் சுகவனேசுவரர் கோயில் யானை ராஜேஸ்வரி எழ முடியாமல் புண்களோடு கிடந்தபோது, கால்நடை மருத்துவர் பரிசோதித்து, உயிரோடு வைத்திருப்பது கொடுமை என்று சான்றளித்தால் கருணைக்கொலை செய்யலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்தது. அதற்கு அவசியமில்லாமல் சில நாட்களிலேயே அது இயற்கையாக இறந்துபோனது. காட்டு விலங்குகளுக்கு வழி வேறு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் (மிகுந்த பாதுகாப்பு பெறும் விலங்குகளின் பட்டியலில்) உள்ள ஒரு விலங்கு மீள முடியாதபடி நோயுற்றோ முடமாகியோ இருந்தால், அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி முடிவெடுக்க வேண்டியவர் தலைமை வன உயிரினக் காப்பாளர்.

தெருநாய்களைப் பொறுத்தவரை 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் பொருந்தும். தீராத நோயாலோ உயிர் பிழைக்க முடியாத காயத்தாலோ அவதிப்படும் நாய் என்று உரிய குழு கண்டறிந்த பிறகு, தகுதி பெற்ற கால்நடை மருத்துவர் சோடியம் பென்டோபார்பிட்டால் என்ற மயக்க மருந்தை மிகுதியாகச் செலுத்தியோ, விலங்குகள் நல வாரியம் ஏற்ற வேறு மனிதநேய முறையிலோ கருணைக்கொலையைச் செய்ய வேண்டும். வேறொரு விலங்கின் கண்முன் செய்யக் கூடாது. வெறிநோய் என்று வலுவாகச் சந்தேகிக்கப்படும் நாயைத் தனிமைப்படுத்தி, அது இயற்கையாக இறக்கும் வரை வைத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடும் இவ்விதிகளில் உண்டு. வெறிநோயின் உண்மையான பரவலை அறிய அது உதவும் என்பது புரிகிறது. ஆயினும் அந்த நாட்களில் அந்த உயிர் படும் பாட்டை எண்ணும்போது இந்த ஏற்பாட்டை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முறையாகச் செய்யப்படும் கருணைக்கொலையில், மருந்து இரத்தத்தில் கலந்த சில நொடிகளில் விலங்கு நினைவிழக்கும். அதன் பின்னரே மூச்சும் இதயத் துடிப்பும் நிற்கும். பதற்றத்தில் இருக்கும் விலங்குக்கு முன்கூட்டியே அமைதிப்படுத்தும் ஊசி போடும்படி மருத்துவரிடம் கேட்பது நல்லது. மயக்கமே கொடுக்காமல் தசையை முடக்கும் மருந்தையோ பொட்டாசியம் குளோரைடையோ செலுத்துவது ஏற்கத்தக்கதன்று. விலங்கு முழு நினைவோடு மூச்சுத்திணறலையோ கடும் வலியையோ அனுபவிக்க நேரும். இதயத்தில் ஸ்ட்ரிக்னின் என்ற கடும் நஞ்சை ஊசியால் செலுத்திக் கொல்வதை விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு பெயர் சொல்லியே குற்றமாக்கியிருக்கிறது. விஷம் வைத்தோ அடித்தோ கொல்பவருக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 325-ஆம் பிரிவு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. மாறாக, 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதல் வதைக் குற்றத்துக்கான அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய் வரையே என்பது வேதனைக்குரியது.

இறப்பை உறுதி செய்வதும் மருத்துவரின் பொறுப்பே. நாடித் துடிப்பும் மூச்சும் இல்லை, கருவிழியைத் தொட்டால் அசைவில்லை என்று பார்த்த பிறகே உடலை அகற்ற வேண்டும். பென்டோபார்பிட்டால் செலுத்தப்பட்ட உடலில் மருந்து நெடுநாள் தங்கியிருக்கும். அதைத் தின்னும் நாயும் கழுகும் இறந்துவிடக்கூடும். எனவே திறந்தவெளியில் வீசாமல் ஆழமாகப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும்.