ரிப்போர்ட்டில் உள்ள திகதி

ஆய்வுகூட ரிப்போர்ட்டின் மேல்மூலையில் ஒரு திகதி இருக்கும். அது இரத்தம் எடுத்த நாள். கீழே ஒரு பாலியல் தொற்றுக்குப் ‘பொசிட்டிவ்’ என்ற சொல்லும் வந்துவிட்டால், வீட்டில் இரண்டையும் சேர்த்துத்தான் வாசிப்பார்கள். கலியாணமாகிப் பன்னிரண்டு வருடம், பொசிட்டிவ் வந்தது போன கிழமை, அப்போ அண்மையில்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று கணக்கு முடிந்துவிடும். மருந்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே “இது எப்ப வந்தது, ஆரிட்டையிருந்து வந்தது?” என்ற கேள்வி வந்து நிற்கும்.

பெரும்பாலான பாலியல் தொற்றுகளில் இந்தக் கேள்விக்கு எந்தப் பரிசோதனையாலும் பதில் சொல்ல முடியாது. ஆய்வுகூடம் எதையும் மறைக்கவில்லை. கிருமிகள் உடம்பில் வாழும் விதமும், நாம் அவற்றைத் தேடும் விதமும்தான் காரணம்.

கொழும்பில் அறிகுறி ஏதும் இல்லாத ஒருவர் தொற்றைப் பற்றி அறிய வருவது பெரும்பாலும் இரண்டு வாசல்களில்: கர்ப்பிணிகளுக்கான கிளினிக், வெளிநாட்டு வேலைக்கான ‘மெடிக்கல்’. இலங்கையில் கர்ப்பிணித் தாய்மாருக்கு சிபிலிஸ் என்ற பாலியல் நோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் பார்க்கிறார்கள். தாயிடமிருந்து குழந்தைக்கு இவை இரண்டும் பரவுவதை நாடு ஒழித்துவிட்டதாக 2019 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்ததற்கு இந்தப் பரிசோதனை ஒரு முக்கிய காரணம். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு வி.டி.ஆர்.எல். (சிபிலிஸுக்கான இரத்தப் பரிசோதனை), எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி எல்லாம் பார்ப்பார்கள். கணவன் வெளிநாடு போகாதவராக இருந்தால், வாழ்நாளில் ஒருமுறைகூட இப்படிப் பரிசோதிக்கப்படாமலே இருந்துவிடலாம். மனைவி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருமுறை பரிசோதிக்கப்படுகிறாள். ஆகவே பல வீடுகளில் தொற்று முதலில் தெரியவருவது பெண்ணிடம். முதலில் தெரியவந்தவர்தான் முதலில் தொற்றியவர் என்று எடுத்துக்கொள்வது கணக்கிலேயே பிழை. ஆனால் நம் வீடுகளில் மாமி தொடக்கம் எல்லோரும் போடுவது அந்தக் கணக்குத்தான்.

வி.டி.ஆர்.எல்லை எடுத்துக்கொள்வோம். பலர் நினைப்பதுபோல் இந்தப் பரிசோதனை சிபிலிஸ் கிருமியைத் தேடுவதில்லை. செல்கள் சேதமாகும்போது வெளிப்படும் கார்டியோலிப்பின் போன்ற கொழுப்புப் பொருட்களுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத்தான் அது பிடிக்கிறது. அந்த எதிர்ப்புப் பொருள் லூப்பஸ் நோயிலும் மலேரியாவிலும் உண்டாகலாம், சிலவேளை கர்ப்பத்திலேயே உண்டாகலாம். அதனால்தான் கிருமிக்கே உரிய இரண்டாவது பரிசோதனை ஒன்றைச் செய்யாமல் வைத்தியர் முடிவு சொல்லமாட்டார். அந்த இரண்டாவதும் பொசிட்டிவ் என்றால் தொற்று உண்மை. ஆனால் அது எப்போதைய தொற்று? இரண்டாவது வகைப் பரிசோதனை, ஒருமுறை பொசிட்டிவ் ஆனால் பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுவதும் அப்படியே இருக்கும். இருபது வருடத்துக்கு முன் பெனிசிலின் ஊசி போட்டு முற்றாகக் குணமானவருக்கும் இன்றைக்குப் பொசிட்டிவ்தான்.

குணமாகாதவரின் கதை இன்னும் குழப்பமானது. கிருமி புகுந்து ஏறக்குறைய மூன்று கிழமையில் ஒரு புண் வரும். அது நோகாது. பெண்ணுக்கு உள்ளே வந்தால் கண்ணுக்கும் தெரியாது. மருந்தில்லாமலே ஆறிவிடும். பிறகு உடம்பில் தடிப்பு வரும், அதுவும் தானாகப் போய்விடும். அதன் பின் வருடக்கணக்கில் ஒரு சத்தமும் இராது. கலியாணத்துக்கு முன்னமே வந்த தொற்று, இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஒரு கடதாசியில் முதன்முறையாகத் தெரியவரலாம். வி.டி.ஆர்.எல். அளவு 1:64 போல (இரத்த நீரை 64 மடங்கு நீர்த்தும் பொசிட்டிவ்) உயர்ந்திருந்தால் தொற்று அண்மையதாக இருக்கக்கூடும், 1:2 என்றால் பழையதாக இருக்கக்கூடும் என்று வைத்தியர் ஊகிப்பார். அந்த ஊகத்தை வைத்து யாரையும் வீட்டைவிட்டு அனுப்ப முடியாது.

கொப்புளம் போடும் வைரஸான ஹேர்ப்பீஸ் இதைவிடக் கள்ளன். அது தோலில் புகுந்ததும் அங்குள்ள நரம்பு நுனியைப் பிடித்துக்கொண்டு, நரம்பு வழியே மேலேறி, முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் நரம்பு முடிச்சுகளுக்குப் போய்ச் சேரும். நரம்புச் செல்லின் கருவுக்குள் அதன் டி.என்.ஏ. வளையமாகக் கிடக்கும். கிட்டத்தட்ட எல்லா மரபணுக்களையும் அணைத்துவிடுவதால் புதிய வைரஸ் உண்டாகாது, உடம்பின் காவல் செல்களுக்கும் பெரிதாக எதுவும் தெரியாது. வெயிலில் காய்ந்த தரையில் கோரைக்கிழங்கு கிடப்பதுபோல் அது கிடக்கும். காய்ச்சலோ களைப்போ எதிர்ப்புச் சக்தி குறைவோ வந்தால் அதே நரம்பு வழியே கீழே இறங்கித் தோலுக்கு வரும். அப்படி வரும்போதெல்லாம் கொப்புளம் போடும் என்றும் இல்லை. பல தடவை தோல் அப்படியே இருக்க, வைரஸ் மட்டும் வெளியேறும். தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது. ஒருவர் தன் வாழ்வில் முதன்முதலாகக் காணும் கொப்புளம், தொற்றிப் பல வருடங்களுக்குப் பிறகு வந்ததாக இருக்கலாம்.

இன்னொன்று. உதட்டில் வரும் காய்ச்சல் கொப்புளமும் ஹேர்ப்பீஸ்தான், முதலாம் வகை. உலகில் ஐம்பது வயதுக்குட்பட்டவர்களில் 64 சதவீதமானோரிடம், அதாவது 380 கோடிப் பேரிடம், அது இருப்பதாக 2020 ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பலருக்குச் சின்ன வயதில் பெரியவர்கள் கொடுத்த முத்தத்தில் வந்தது. அதே வைரஸ் வாய்வழி உறவில் பிறப்புறுப்புக்குப் போகும். மூன்றாவது ஆள் யாருமே இல்லாத தாம்பத்தியத்தில் பிறப்புறுப்பு ஹேர்ப்பீஸ் உண்டாக இந்த ஒரு வழி போதும்.

“அப்படியென்றால் இவ்வளவு காலம் எனக்கு ஏன் தொற்றவில்லை?” என்று அடுத்தவர் கேட்பார். நியாயமான கேள்வி. 2004 இல் வெளியான பெரிய மருந்து ஆய்வொன்றில் 1,484 தம்பதிகள் சேர்ந்தார்கள். ஒவ்வொரு தம்பதியிலும் ஒருவருக்குப் பிறப்புறுப்பில் வரும் இரண்டாம் வகை ஹேர்ப்பீஸ் இருந்தது, மற்றவருக்கு இல்லை. மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுக்கப்பட்ட பக்கத்தில், எட்டு மாதத்தில் துணைக்குத் தொற்றியது 3.6 சதவீதத்தில் மட்டும். வாலாசைக்ளோவிர் என்ற ஹேர்ப்பீஸ் மருந்தை எடுத்த பக்கத்தில் 1.9 சதவீதம். ஒரே கட்டிலில் வருடக்கணக்காகப் படுத்தும் ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாதிருப்பது அதிசயம் இல்லை. அதேபோல, வருடங்கள் கழித்து ஒருநாள் தொற்றுவதும் அதிசயம் இல்லை.

கிளமிடியா பக்டீரியா, மாத்திரையில் போய்விடும். ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு அறிகுறியே காட்டாது, மருந்தில்லாவிட்டால் ஒரு வருடத்துக்கு மேலும் தங்கக்கூடும். டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி பெண்ணில் மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் இருக்கும். ஆணில் பலருக்குச் சில கிழமைகளில் தானாகப் போய்விடும். கணவனிடமிருந்து மனைவிக்கு வந்த தொற்றிலேயே மனைவி பொசிட்டிவ், கணவன் நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வருவது இதனால்தான். “எனக்கு ஒன்றுமில்லை, பார்” என்று அவர் கடதாசியை நீட்டினால் அது பொய்யான கடதாசி இல்லை. ஆனால் அதற்கு அவர் கொடுக்கும் அர்த்தம் பொய்யாக இருக்கலாம்.

எச்.பி.வி. என்ற வைரஸும் மெல்ல நடப்பது. வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அடக்கிவிடும். அடங்காமல் நின்றால் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயாக மாற வழமையாக 15 முதல் 20 வருடம் எடுக்கும். சுகவனிதையர் கிளினிக்கில் ஒரு பெண்ணுக்கு 45 வயதில் தெரியவரும் மாற்றத்தின் தொடக்கம் அவர் இருபதுகளில் இருந்த காலத்துக்குப் போகலாம். ஆண்களுக்கு எச்.பி.வி. இருக்கிறதா என்று வழமையாகப் பார்க்கும் பரிசோதனையே கிடையாது. ஹெபடைட்டிஸ் பி இன்னும் பின்னே போகும். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு அது நிரந்தரமாகிவிடும், பெரியவர்களாகித் தொற்றியவர்களில் நிரந்தரமாவது நூற்றில் ஐந்துக்கும் குறைவு. டோஹா வேலைக்கு மெடிக்கல் பெயிலாகி வந்த முப்பத்தைந்து வயதுக்காரருக்கு அது பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இவ்வளவும் சொன்னதற்காக எல்லாத் தொற்றும் பழையது, எல்லோரும் சுத்தம் என்று எழுதினால் நானும் பொய் சொன்னவனாவேன். கொனோரியா ஆணுக்கு அறிகுறி காட்டினால், தொற்றிப் பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் காட்டும், சலம் போகையில் எரிவும் சீழுமாக. அங்கே காலக்கணக்கு ஓரளவு இறுக்கமானது. முன்னர் நெகட்டிவ் என்று பதிவான எச்.ஐ.வி. இப்போது பொசிட்டிவ் என்றால், இடைப்பட்ட காலத்தில், அல்லது அந்த நெகட்டிவுக்குச் சற்று முன்புதான் வந்தது. எச்.ஐ.வி. தம்பதிகளை ஐரோப்பாவில் தொடர்ந்து கவனித்த ‘பார்ட்னர்’ ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். 2019 இல் வெளியான இரண்டாம் கட்டத்தில் 782 ஆண் தம்பதிகள். ஒருவர் மருந்தெடுத்து வைரஸை அளவிட முடியாத மட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார், ஆணுறை பாவிக்கவில்லை. துணைவர்களில் 15 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. வந்தது. வைரஸின் மரபணு வரிசையைப் பார்த்தபோது அவற்றில் ஒன்றுகூட வீட்டிலிருந்த துணைவருடையது இல்லை, எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. மருந்தை ஒழுங்காக எடுத்து வைரஸை அந்த மட்டத்தில் வைத்திருப்பவரிடமிருந்து தொற்றாது என்பதற்கும் இதுவே பெரிய சான்று. மரபணு வரிசை இப்படி “இவரிடமிருந்து வரவில்லை” என்று சொல்லும். “இவரிடமிருந்துதான் வந்தது” என்று அறுதியாகச் சொல்லாது, ஏனென்றால் இருவருக்கும் ஒரே மூன்றாமவர் கொடுத்திருக்கலாம். எப்படியும் இது ஆராய்ச்சிக்கான வேலை, கொழும்பு காலி வீதியில் எந்த ஆய்வுகூடத்திலும் காசு கட்டிச் செய்விக்க முடியாது.

சந்தேகத்தில் ‘புல் செக்கப்’ எடுக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு தொற்று நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை உள்ளவரை ஒருபோதும் தவறவிடாது, இல்லாதவரில் நூற்றுக்கு இருவரைப் பிழையாகப் பொசிட்டிவ் என்று சொல்லும். 10,000 பேரைப் பார்த்தால் உண்மையான பொசிட்டிவ் 100, பிழையான பொசிட்டிவ் 198. அதாவது பொசிட்டிவ் வந்த மூவரில் இருவருக்கு ஒன்றுமே இல்லை. 98 சதவீதம் சரியான பரிசோதனையின் நிலை இது. அறிகுறி இல்லாதவருக்கு ஹேர்ப்பீஸ் இரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று வைத்தியர்கள் தடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அரிப்பையும் வெள்ளைபடுதலையும் கண்டு சந்தேகப்படுகிறவர்கள் முதலில் சீனியைப் பார்ப்பது நல்லது. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாத ஆணுக்கும் பெண்ணுக்கும் அங்கே பூஞ்சைத் தொற்று அடிக்கடி வரும், அதற்கு இன்னொருவர் தேவையில்லை.

மோசமான வழி ஒன்று நம் ஊரில் சாதாரணம். கணவன் பார்மசியில் வைத்தியரின் துண்டில்லாமல் அன்டிபயோட்டிக் வாங்கித் தனியே விழுங்கிவிடுவார், வீட்டில் சொல்லமாட்டார். அவருக்குப் போய்விடும், மனைவியிடம் இருக்கும், அவளிடமிருந்து திரும்ப அவருக்கு வரும். கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மத்திய கிளினிக் இருக்கிறது. பரிசோதனையும் மருந்தும் இலவசம், விபரம் வெளியே போகாது. கிளமிடியா என்றால் இருவருக்கும் மருந்து கொடுப்பார்கள். டொக்சிசைக்கிளின் ஏழு நாள், இருவரும் முடிக்கும்வரை உறவு கூடாது, மூன்று மாதத்தில் மறுபடி பரிசோதனை. அப்போது இருவருக்கும் நெகட்டிவ் என்றால், அதற்குப் பிறகு வரும் கிளமிடியா பொசிட்டிவ் ஒன்றுக்குத்தான் காலம் குறிக்கலாம். ஹேர்ப்பீஸுக்கும் எச்.பி.வி.க்கும் அப்படியொரு தொடக்க நாளை எந்தக் கிளினிக்காலும் குறித்துக் கொடுக்க முடியாது.