அடித்தால் பூனை பழகாது

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பூனைகள் பெரும்பாலும் அடி வாங்குவது பத்தமடைப் பாயைப் பிறாண்டியதற்காகத்தான். "அடிச்சும் பாத்தாச்சு டாக்டர், கேக்க மாட்டேங்கு" என்பார்கள். கேட்காதுதான். அடிக்கும் பாய்க்கும் உள்ள தொடர்பு அதற்குப் புரியாது. இந்த ஆள் பக்கத்தில் வந்தால் ஆபத்து என்பது மட்டும் புரியும். அப்புறம் நீங்கள் இல்லாத நேரம் பார்த்துப் பிறாண்டும். முகத்தில் தண்ணீர் பீய்ச்சினாலும் இதே கதைதான்.

பிறாண்டுவது சேட்டை இல்லை. நகத்தின் பழைய மேலுறை கழல வேண்டும், உடம்பை நீட்டி முறிக்க வேண்டும், பாதத்தில் சுரக்கும் வாசனையை அங்கே பதிக்க வேண்டும். அதை நிறுத்த முடியாது, இடத்தை மாற்றலாம். மூன்றடிக் கட்டையில் தும்புக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, ஆடாதபடி பலகையில் அறைந்து, பூனை தூங்கி எழும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். தார்சாவில் யாரும் போகாத மூலையில் வைத்தால் அது சீண்டாது. பாயையே தேடிப் போகிற பூனைக்குப் படுக்கைவாட்டில் பிறாண்டத்தான் பிடிக்கும். அதற்குக் கட்டை வேண்டாம், தும்பு மிதியடி ஒன்றைத் தரையில் போடுங்கள். நல்ல பாயைச் சுருட்டி மேலே வைத்துவிடுங்கள்.

ராத்திரி வீட்டையே இரண்டாக்குகிறது என்ற புகாரும் நிறைய வரும். அந்தியும் விடிகாலையும் பூனைக்கு வேட்டை நேரம். வீட்டுக்குள் இரை ஏது? உங்கள் கால்தான் இரை. படுக்கும் முன் பத்து நிமிடம், ஒரு குச்சியின் நுனியில் பனை ஓலைக் கீற்றைக் கட்டித் தரையோடு இழுத்து விளையாடுங்கள். முகத்துக்கு நேரே ஆட்டாதீர்கள். எலி தப்பித்துத்தான் ஓடும். கடைசியில் அது பிடிக்கட்டும். பிடித்ததும் சாப்பாடு. தின்று, உடம்பை நக்கிவிட்டுத் தூங்கிவிடும். லேசர் விளக்கில் பிடிக்க எதுவுமே இல்லை, எனக்கு அது பிடிக்காது.

பூக்கட்டும் நூலை மட்டும் கீழே விடாதீர்கள். பூனை நாக்கின் முட்கள் உள்நோக்கி வளைந்தவை. நூல் வாயில் போனால் துப்ப வராது, குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காமல் கொண்டுவாருங்கள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டியிருக்கலாம்.

கூப்பிட்டால் வரவும் பழக்கலாம். பெயர் சொன்னதும் திரும்பினால் அந்த நொடியே உப்பில்லாமல் அவித்த நெத்திலியில் ஒரு துணுக்கு. பசி நேரத்தில், சில நிமிடம் போதும். (இனிப்புச் சுவை பூனைக்குத் தெரியாது. அல்வாவுக்கு வந்தால் நெய்க்காக வந்திருக்கும்.) மருத்துவரிடம் தூக்கி வரும் கூடையைத் திறந்து வைத்து, இதே நெத்திலியை அதற்குள் தினமும் வைத்தால் பூனை தானாகவே உள்ளே போய் உட்காரும். கட்டைப்பையில் திணித்துக் கொண்டுவரப்படும் பூனை மேசைக்கு வரும்போதே பாதி மிரண்டிருக்கும்.

பூனை ஒதுங்குவதற்கு மண் நிரப்பி வைத்த தட்டை விட்டு வெளியே மூத்திரம் பெய்தால் மூக்கைப் பிடித்துத் தேய்க்காதீர்கள். தட்டு நாறுகிறதா, சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பூனைக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று என்பது கணக்கு. ஆனால் கடுவன் பூனை அடிக்கடி முக்கியும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, அல்லது வரவே இல்லை என்றால் அது பழக்கப் பிரச்சினை இல்லை, மூத்திர அடைப்பு. ஓரிரு நாளில் உயிரே போய்விடும். விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியானாலும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.