இசைச் சிகிச்சையாளர் என்ன படிக்கிறார்?

பக்கவாதம் வந்து பேச்சு போன சிலரிடம் ஒரு விசித்திரம் உண்டு. தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வாய் வராது. முதல் எழுத்திலேயே தடுக்கி நிற்பார்கள். அதே ஆள், இளமையில் பாடிப் பழகிய பாட்டை யாராவது எடுத்துக்கொடுத்தால் வார்த்தை பிசகாமல் கூடவே பாடுவார். ஸ்வீடனைச் சேர்ந்த ஓலோஃப் டாலின் இப்படி ஒருவரைப் பற்றி 18-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். பேச்சு போய்விட்ட அந்த மனிதர், தேவாலயத்தில் முன்பே கற்ற பாடல்களை மட்டும் தெளிவாகப் பாடினாராம்.

இதைப் பார்க்கும் வீட்டாருக்கு உடனே தோன்றுவது: தினமும் பாட்டு போட்டுக்கொண்டே இருந்தால் பேச்சு திரும்பிவிடும். திரும்பாது. மனப்பாடமான பாட்டு ஒரே சரமாக வெளியே வருகிறது. நடுவில் உள்ள ஒரு சொல்லை மட்டும் தனியாகச் சொல்லச் சொன்னால் பழையபடி திணறல்தான். அந்தச் சரத்திலிருந்து 'தண்ணி வேணும்' என்ற சொந்தப் பேச்சுக்குப் போக வழி உண்டு. ஆனால் படிப்படியாக யாராவது கூட்டிப் போக வேண்டும்.

1973-இல் அமெரிக்காவின் பாஸ்டனில், மார்ட்டின் ஆல்பர்ட், ராபர்ட் ஸ்பார்க்ஸ், நான்சி ஹெல்ம் ஆகிய மூவர் அதற்கொரு முறையை வெளியிட்டார்கள். பெயர், மெலோடிக் இன்டோனேஷன் தெரபி. உருவாக்கியவர்கள் நரம்பியல், பேச்சுப் பயிற்சித் துறைக்காரர்கள். இன்று இசைச் சிகிச்சை மாணவர்களும் இதைக் கற்கிறார்கள். பெரிய சங்கீதம் எதுவும் இதில் இல்லை. இரண்டே சுரம். பெரும்பாலும் நம் கர்நாடக இசையின் ஷட்ஜத்துக்கும் (ஸ) சாதாரண காந்தாரம் எனப்படும் தாழ்ந்த காந்தாரத்துக்கும் (க) உள்ள இடைவெளி. சிகிச்சையாளர் நோயாளியின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, அசைக்கு ஒரு தட்டாக மேசைமேல் தட்டுகிறார். தண், ணி, வே, ணும்: நான்கு தட்டு. முதலில் வாய் திறக்காமல் மெட்டை முனகுவார். அப்புறம் வார்த்தையோடு பாடுவார். அப்புறம் இருவரும் சேர்ந்து. பாதி வரியில் சிகிச்சையாளர் தன் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ள, மீதியை நோயாளியே முடிக்க வேண்டும். பிறகு இவர் பாட, அவர் தனியாகத் திருப்பிப் பாட வேண்டும். கடைசியாக 'என்ன வேணும்?' என்று ஒரு கேள்வி. பதிலாக அதே வரி வந்தால், அதுவரை பாட்டாக இருந்தது அந்த இடத்தில் பேச்சாகிறது. அடுத்த கட்டங்களில் வாக்கியம் நீளும், மெட்டு தட்டையாகிக்கொண்டே போய்ச் சாதாரணப் பேச்சில் கரையும்.

எப்படி வேலை செய்கிறது? பேச்சை உருவாக்கும் பகுதி பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடப்பக்கம். அது அடிபட்டால், மெட்டில் பங்கெடுக்கும் வலப்பக்கம் கைகொடுக்கிறது என்பது பழைய விளக்கம். இடது கையைத் தட்டுவதும் அதற்குத்தான். இடது கையை இயக்குவது வலது மூளை. 2009-இல் காட்ஃப்ரீட் ஷ்லாவ்க் குழுவினர், 75-க்கும் மேற்பட்ட அமர்வுகள் பயிற்சி பெற்ற ஆறு நோயாளிகளின் மூளையை ஸ்கேன் செய்து, கேட்கும் பகுதியையும் பேசும் பகுதியையும் இணைக்கும் நரம்பிழைக் கற்றை வலப்பக்கத்தில் பெருத்திருப்பதைக் காட்டினார்கள். ஆறே பேர் என்பதை மறந்துவிடக் கூடாது. 2011-இல் பெஞ்சமின் ஸ்டால் குழு ஜெர்மனியில் 17 பேரிடம் சோதித்துவிட்டு, மெட்டைவிடத் தாளமும், சொற்றொடர் ஏற்கெனவே பழகியதா என்பதும்தான் முக்கியம் என்று வாதிட்டது. எனக்கு இந்த இரண்டாவது வாதத்தில் சாரம் இருப்பதாகப் படுகிறது. விவகாரம் இன்னும் தீரவில்லை.

தாளம் என்றதும் நோயாளிகள் நடப்பது பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில், இசை எப்படி வேலை செய்கிறது என்பது தெளிவாகப் புரிந்த இடம் அதுதான்.

கச்சேரியில் தாளம் போடும் ரசிகரைக் கவனியுங்கள். மிருதங்கத்தின் அடி காதில் விழுந்த பிறகு அவர் தொடையைத் தட்டுவதில்லை. அடியும் தட்டும் ஒன்றாக விழுகின்றன. அதாவது அடுத்த அடி எப்போது வரும் என்பதை மூளை முன்கூட்டியே கணித்து, கைக்கு உத்தரவு போட்டுவிட்டது. கை அசைக்காமல் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலும்கூட, தாளம் கேட்கும்போது மூளையின் இயக்கப் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. பார்க்கின்சன் நோயில் பழுதாவது உள்ளே இருக்கும் இந்தக் காலக்கணக்கு. அடி குறுகுகிறது, வாசற்படியருகே கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறது. வெளியிலிருந்து ஒழுங்கான ஒரு தாளம் கிடைத்தால், பழுதான கடிகாரத்தை நம்பாமல் கால் அதைப் பிடித்துக்கொள்கிறது.

சிகிச்சை நடப்பது இப்படி. நோயாளியைப் பத்து மீட்டர் நடக்கவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணுகிறார்கள். 90 என்று வைத்துக்கொள்வோம். சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் கருவியான மெட்ரோனோமை 90-இல் வைத்து, அதன்மேல் அழுத்தமான தாளமுள்ள இசையை வாசித்து நடக்கவைக்கிறார்கள். கால் தாளத்தில் உட்கார்ந்ததும் காலப்பிரமாணத்தை 5 முதல் 10 சதவீதம் கூட்டுகிறார்கள். பிறகு திரும்புவது, படி ஏறுவது, நின்று கிளம்புவது. இறுதியில் இசையை நிறுத்திவிட்டு, வேகம் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்காவின் கொலராடோவில் மைக்கேல் தாவ்ட் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரம் இப்படிப் பயிற்சி செய்த பார்க்கின்சன் நோயாளிகளின் நடைவேகம் 25 சதவீதம் கூடியது. நோய் குணமாகவில்லை; நடை மாறியது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

90-இலிருந்து 97-க்கு எப்போது நகர்வது, நோயாளி தடுமாறினால் தாளத்தை எப்படிப் பிடித்து நிறுத்துவது, எந்தக் குரலை எப்போது இழுத்துக்கொள்வது: இவை அந்த இடத்தில் எதிரே இருப்பவரைப் பார்த்து எடுக்கும் முடிவுகள். நாலு வருடப் பட்டப்படிப்பு கற்றுத்தருவது இதைத்தான்.

படிப்பு எப்படி வந்தது என்றால், போரால் வந்தது. இரண்டு உலகப் போர்களின்போதும் காயம்பட்ட சிப்பாய்கள் நிறைந்த மருத்துவமனைகளுக்கு இசைக்கலைஞர்கள் போய் வாசித்தார்கள். பலன் தெரிந்ததும் மருத்துவமனைகள் அவர்களை வேலைக்கே வைத்துக்கொள்ளப் பார்த்தன. நல்ல பிடில்காரருக்கு, மனநோயாளி அறையில் என்ன செய்யக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லையே. 1919-இலேயே நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கனடா நாட்டுச் சிப்பாய்களிடம் வேலை செய்த மார்கரெட் ஆண்டர்டன் என்ற பியானோ கலைஞர் வகுப்பெடுத்தார். முறையான பட்டப்படிப்பு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1944-இல் வந்தது. அடுத்து கான்சாஸ் பல்கலைக்கழகம். அங்கே தேயர் காஸ்டன் இதை ஓர் அறிவியல் துறையாக்கப் பாடுபட்டார். 1950-இல் அமெரிக்காவில் இத்துறைக்கென்று தேசியச் சங்கம், 1983-இல் சிகிச்சையாளர்களுக்குச் சான்றிதழ் தரும் வாரியம்.

அமெரிக்க இசைச் சிகிச்சைச் சங்கத்தின் அளவுகோலின்படி, இளநிலைப் பாடத்திட்டத்தில் சுமார் 45 சதவீதம் இசை. உடற்கூறு, உளவியல், குறைபாடுகள் போன்றவை சுமார் 15. இசைச் சிகிச்சை என்ற பாடமே சுமார் 15தான். மீதி பொதுப்பாடம். கல்லூரிக்குள் நுழையவே முதன்மை வாத்தியத்திலோ வாய்ப்பாட்டிலோ ஆடிஷன் உண்டு. உள்ளே வந்தபின், மேடைக்காகக் கற்றதோடு வேறொன்றும் கற்க வேண்டியிருக்கிறது. கிட்டார், பியானோ, குரல், தாளவாத்தியம் நான்கிலும் கைப்பழக்கம் வேண்டும், அதுவும் தாளைப் பார்க்காமல். தாளைப் பார்த்தால் நோயாளியின் முகத்தைப் பார்க்க முடியாது.

ஓர் உதாரணம்: வயதாக ஆக குரலின் எல்லை சுருங்கும், குறிப்பாகப் பெண்களுக்குக் கீழே இறங்கும். ஒலிப்பதிவில் இருக்கும் ஸ்ருதியில் பாட்டைத் தொடங்கினால், எண்பது வயதுப் பாட்டி இரண்டாம் வரியிலேயே வாயை மூடிக்கொள்வார். விருப்பமில்லை என்று நாம் நினைப்போம், உண்மையில் எட்டவில்லை. எனவே எந்தப் பாட்டையும் அந்த நொடியே நாலைந்து ஸ்ருதி இறக்கி வாசிக்க மாணவருக்கு வர வேண்டும். எந்தப் பாட்டு என்பதும் கணக்குத்தான். பதின்வயதிலும் இருபதுகளிலும் கேட்ட பாட்டுகள் நினைவில் ஆழமாகத் தங்குகின்றன. அப்படிப் பார்த்தால் இன்று எண்பது வயதானவருக்கு 1960-களின் பாட்டுதான் தூக்கும். வயதானவர் என்றாலே பக்திப்பாட்டு என்று நாமாக முடிவுகட்டுவது சோம்பேறித்தனம். அவர் காதலித்தது விஸ்வநாதன்-ராமமூர்த்தி காலத்தில்.

இதற்கு நடுவே களப்பயிற்சி. முதலில் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது, பிறகு உதவுவது, பிறகு மேற்பார்வையில் தானே நடத்துவது. ஒவ்வோர் அமர்வுக்கும் குறிப்பு எழுத வேண்டும். 'மகிழ்ச்சியாக இருந்தார்' என்று எழுதினால் அடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். 'வலது கையை உயர்த்தி மத்தளத்தைத் தட்டியது, பத்தில் ஆறு முறை. போன வாரம் நான்கு' என்று இருக்க வேண்டும். மொத்தம் குறைந்தது 1,200 மணிநேரப் பயிற்சி, அதில் 900 மணிநேரமாவது இன்டர்ன்ஷிப். அதன்பிறகே வாரியத் தேர்வு. தேறினாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும்.

பிரிட்டனில் வழி வேறு. அங்கே முதுநிலைப் படிப்பு. 'இசைச் சிகிச்சையாளர்' என்ற பெயரே சட்டப் பாதுகாப்புள்ளது. பதிவு செய்யாதவர் போட்டுக்கொண்டால் குற்றம். இன்னொரு வேடிக்கையான நிபந்தனையும் உண்டு: படிக்கும் காலத்தில் மாணவரும் ஒரு சிகிச்சையாளரிடம் நோயாளியாக உட்கார வேண்டும். வேடிக்கை என்றாலும் எனக்கு மிகவும் பிடித்தது. சேர்ந்து வாசிக்கும்போது எதிரில் இருப்பவரின் கோபமும் துக்கமும் உங்களையும் தொடும். எது அவருடையது, எது நீங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது என்று பிரித்தறியத் தெரியாவிட்டால், சிகிச்சை என்ற பெயரில் உங்கள் சோகத்தை அவர் தலையில் கட்டிவிடுவீர்கள்.

எப்போது நிறுத்துவது என்பதும் பாடம்தான். குறைமாதக் குழந்தைகள் பிரிவில் இது உயிர்போகிற விஷயம். 2013-இல் ஜோயான் லோவி தலைமையில் அமெரிக்காவின் 11 மருத்துவமனைகளில் 272 குழந்தைகளோடு நடந்த ஆய்வில் மூன்று வகை ஒலிகளைக் கொடுத்தார்கள்: கருப்பை ஒலியை ஒத்த, மெல்ல இரையும் வட்டத் தகடு, இதயத்துடிப்பை ஒத்த மரப்பெட்டித் தட்டு, பெற்றோர் தேர்ந்தெடுத்துத் தாலாட்டாக மாற்றப்பட்ட பாட்டு. பதிவு எதுவும் இல்லை. எல்லாம் நேரடியாக, குழந்தையின் மூச்சோடு ஒத்துப்போகும்படி. இதயத்துடிப்பு குறைந்தது, பால் உறிஞ்சுவதும் தூக்கமும் மேம்பட்டன. ஆனால் குழந்தை விரல்களை விரித்தாலோ, விக்கல் எடுத்தாலோ, நிறம் மாறினாலோ, இசை அதிகமாகிவிட்டது என்று பொருள். விட்டுவிட வேண்டும். ஸ்பீக்கரில் ஓடும் தாலாட்டுக்கு இது தெரியாது.

இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும் ராகப் பட்டியலுக்கு வருவோம். ஆனந்தபைரவி கேட்டால் ரத்த அழுத்தம் குறையும், இந்த ராகம் சர்க்கரைக்கு, அது மூட்டுவலிக்கு என்று நீளும். அமைதியான இசை கேட்டால் இதயத்துடிப்பும் பதற்றமும் கொஞ்சம் இறங்கும் என்பது உண்மை. ஆனால் அது ராகத்தின் பெயரால் வருவதில்லை. வேகம், ஒலியளவு, கேட்பவரின் விருப்பம், பழக்கம் எல்லாம் சேர்ந்து வருவது. பதறிக்கொண்டிருப்பவருக்கு எடுத்த எடுப்பிலேயே விளம்பகால இசையைப் போட்டால் எரிச்சல்கூட வரலாம். அதனால்தான் மாணவர்களுக்கு, முதலில் அவர் இருக்கும் வேகத்திலேயே தொடங்கு, ஒட்டிக்கொண்டபின் மெல்ல இறக்கு என்று சொல்லித்தருகிறார்கள். மாத்திரைச்சீட்டுபோல் எழுதிய பட்டியலில் இதற்கு இடமே கிடையாது.

இந்தத் துறை தன்னைத் தானே சோதித்துக்கொள்ளவும் செய்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு சேர்ந்து வாசிக்கும் சிகிச்சையை 9 நாடுகளில் 364 குழந்தைகளிடம் ஐந்து மாதம் சோதித்தார்கள். 2017-இல் வந்த முடிவு: வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டால், சமூக ஈடுபாடு சார்ந்த அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மறதிநோயில் நிலைமை கொஞ்சம் மேல்: மனச்சோர்வு குறைய வாய்ப்புண்டு என்று பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2018-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு சொன்னது, கிளர்ச்சியான நடத்தையில் பெரிய பலன் இல்லை என்றும் சொன்னது. எல்லாவற்றுக்கும் மருந்து என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

நம் பக்கத்தில் படிக்க விரும்புகிறவர்களுக்கு, புதுச்சேரியின் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இசைச் சிகிச்சைக்கென்று ஒரு கல்வி, ஆய்வு மையம் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தே இருக்கிறது. எங்கே சேர்வதாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, நோயாளிகளோடு எத்தனை மணிநேரம், யார் மேற்பார்வையில் என்பது. வார இறுதி ஜூம் வகுப்பில் சான்றிதழ் தருகிறோம் என்றால் யோசிக்கவும். அமெரிக்காவுக்கோ பிரிட்டனுக்கோ போக நினைக்கும் கர்நாடக சங்கீத மாணவர்கள், கிளம்புவதற்கு முன்பே கிட்டாரில் கார்டு (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் பிடி) பிடிக்கவும், வேறு ஸ்ருதிக்கு உடனே மாற்றவும் பழகிவிடுவது நல்லது. கல்பனாஸ்வரம் பாடிப் பழகிய கைக்கும் காதுக்கும் ஒரு சாதகம் உண்டு: அந்தந்த நொடியில் கேட்டுப் பதில் வாசிப்பது அவர்களுக்குப் புதிதல்ல.