‘குளிர் காலநிலைக் கட்டணம்’ என்று எழுதாதீர்கள்

போன சனவரியில், இங்கே பிரித்தானியாவில், பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் தமிழ்த் துண்டுப்பிரசுரம் ஒன்றோடு வந்தார். “தம்பி, இதை எங்க போய்க் கட்டுறது?” என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். ‘குளிர் காலநிலைக் கட்டணம் - 25 பவுண்’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. அரசு அவருக்குத் தரும் காசை, அவர் அரசுக்குக் கட்டவேண்டிய காசாக வாசித்திருக்கிறார். அந்த 25 பவுணை மிச்சம் பிடிக்க இரண்டு நாளாக ஹீட்டரையும் நிறுத்தி வைத்திருந்தாராம். அவர் வாசித்ததில் ஒரு பிழையும் இல்லை, எழுதியதில்தான் பிழை. இதே சொல்லை நான் பார்ப்பது இது முதல் தடவையும் இல்லை.

அந்தத் தாள் சொல்ல வந்தது ‘கோல்ட் வெதர் பேமென்ட்’ (Cold Weather Payment) பற்றி. அது பென்ஷன் கிரெடிட், யூனிவர்சல் கிரெடிட் போன்ற அரச உதவிகளைப் பெறும் குறைந்த வருமானக்காரர் பலருக்கு உரியது. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரையான காலத்தில், அவர்கள் வசிக்கும் பகுதியின் சராசரி வெப்பநிலை தொடர்ந்து ஏழு நாட்களுக்கு 0 பாகை செல்சியசோ அதற்குக் கீழோ பதிவானால், அல்லது அப்படி இருக்கும் என்று எதிர்வுகூறப்பட்டால், அந்த ஏழு நாளுக்கு 25 பவுண். பொதுவாக விண்ணப்பிக்கத் தேவையில்லை, தானாகவே வங்கிக்கு வரும். ஸ்கொட்லாந்தில் மட்டும் 2022-23 குளிர்காலத்திலிருந்து வேறு ஏற்பாடு. அங்கே வெப்பநிலையைப் பார்ப்பதில்லை, வருடத்துக்கு ஒரு தடவை ஒரே தொகையாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆங்கிலத்தில் பேமென்டுக்குத் திசை கிடையாது. நான் அரசுக்குக் கொடுத்தாலும் பேமென்ட், அரசு எனக்குக் கொடுத்தாலும் பேமென்ட். தமிழில் திசை உண்டு. பள்ளிக் கட்டணம், மின்கட்டணம், பேருந்துக் கட்டணம் எல்லாமே ஒன்றைப் பெறுவதற்காக நாம் கட்டுவது. ‘கட்டு’ என்ற வினை அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. ‘இந்த மாதம் எனக்கு முதியோர் கட்டணம் வந்தது’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பேமென்ட் என்று கண்டவுடன் கட்டணம் என்று போடுபவர், யார் யாருக்குக் கொடுக்கிறார் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. இயந்திர மொழிபெயர்ப்பில் வந்ததை அப்படியே ஒட்டினாலும், அச்சுக்குப் போகுமுன் ஒரு தமிழர் வாசித்திருக்க வேண்டாமா?

நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது. கொடுப்பனவு. ‘கொடு’ என்பதிலிருந்து வந்தது, திசையும் தெளிவு. இலங்கையில் முதியோர் கொடுப்பனவு, மகப்பேற்றுக் கொடுப்பனவு என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதினால் ‘உதவித்தொகை’ என்று போடலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ‘மானியம்’ வேண்டாம், அது பொருளின் விலையைக் குறைக்க அரசு தாங்கும் பங்கு என்றுதான் இன்று புரியும். ‘சலுகை’ கூடவே கூடாது. சட்டப்படி உரியதைச் சலுகை என்று எழுதினால், கேட்க வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அப்படி இருந்துவிட்ட வயதானவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது ‘காலநிலை’. ஒரு நாட்டின் நீண்டகாலப் போக்கு காலநிலை, இன்றைக்கும் இந்த வாரத்துக்கும் உள்ளது வானிலை. பேச்சில் நாம் இரண்டையும் கலக்கிறோம், சரி. ஆனால் இந்தக் காசு ஒரு குறிப்பிட்ட ஏழு நாளின் உறைகுளிருக்குத்தான். ‘குளிர் வானிலை’ என்று திருத்தினாலும் சொல்லுக்குச் சொல் வைத்த மாதிரியே இருக்கும். ‘கடுங்குளிர்க் கொடுப்பனவு’ என்று சொல்லிப் பாருங்கள். சும்மா குளிர்ந்தால் வராது, கடுமையாகக் குளிர்ந்தால் வரும் என்பது பெயரிலேயே தெரிகிறது.

‘குளிர்காலக் கொடுப்பனவு’ என்று பொதுவாக விட்டால் வேறொரு குழப்பம் வரும். ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் ‘வின்டர் பியூவல் பேமென்ட்’ தனி. 1997இல் தொடங்கியது, 2024இல் பென்ஷன் கிரெடிட் போன்றவை பெறுபவர்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. 2025இல் திரும்பவும் விரித்தார்கள், ஆனால் ஆண்டு வருமானம் 35,000 பவுணைத் தாண்டினால் வரி வழியாகத் திருப்பி எடுப்பார்கள். இதைக் ‘குளிர்கால எரிபொருள் கொடுப்பனவு’ என்று எழுதலாம். எரிபொருள் என்றால் நம்மில் பலருக்குப் பெற்றோல்தான் முதலில் நினைவுக்கு வரும், அதனால் வீட்டைச் சூடாக்கும் செலவுக்கு என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். ஒன்று வயதைப் பார்க்கிறது, மற்றது வெப்பமானியைப் பார்க்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ஒன்று கிடைத்தவர் மற்றதும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

இந்தக் கொடுப்பனவுகளின் பெயரைச் சொல்லி வங்கி விபரம் கேட்கும் மோசடிக் குறுஞ்செய்திகளும் சுற்றுகின்றன. தானாக வருவது என்று தெரிந்தவர் அதை அழித்துவிடுவார். ‘கட்டணம்’ என்று தமிழில் ஏற்கெனவே வாசித்தவர் அட்டையை எடுத்து எண்ணைக் கொடுத்துவிடுவார்.

அந்த அம்மாவின் தாளில் கட்டணத்தை வெட்டி, மேலே ‘கொடுப்பனவு’ என்று பேனையால் எழுதிக் கொடுத்தேன். “அப்ப அவங்கள்தான் எனக்குத் தரப்போறாங்களோ?” என்று இரண்டு தடவை கேட்டார். ஓம் என்றேன். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஹீட்டரைப் போட வீட்டுக்குப் போனார்.